சவலைக் குட்டியும் ஐந்தாவது குருவியும்

வீட்டில் முயல் வளர்க்கும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. தாய்முயல் ஆறேழு குட்டிகளை ஈன்றால் அவற்றுள் ஒன்று மற்றவற்றின் பாதியளவே இருப்பதுண்டு. ஏனையவை முண்டியடித்துப் பால் குடிக்கும்போது இது ஓரத்தில் கிடந்து நெளியும். வயிறு ஒட்டிப்போய்த் தோல் சுருங்கியிருக்கும். தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளையைச் சவலை என்போமே, அந்தச் சொல் இதற்கு நன்கு பொருந்தும். வீட்டுப் பிள்ளை அதனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கும். "விடு பிள்ளை, அது தப்பாது" என்பார் தகப்பனார். "தாயே விட்டதை நீ என்ன செய்யப்போறாய்?" என்பார் அம்மம்மா. பிள்ளையோ கேளாது. பஞ்சு எங்கே, பால் எங்கே என்று வீடு அமளிப்படும்.

இதனைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால், வாசகரே, அந்தச் சிறு அமளிக்குள் பெரியதொரு கேள்வி மறைந்து கிடக்கிறது. பெரும்பாலும் பிழைக்காது என்று தெரிந்த ஓர் உயிருக்காக நாம் ஏன் பாடுபடவேண்டும்? பலன் தராத பராமரிப்பு வீண்தானா? முயற்குட்டியை வைத்து இன்று எழும் இக்கேள்வி, நாளை அதே வீட்டில் பாயோடு கிடக்கும் பாட்டனாரை வைத்தும் எழக்கூடும். ஆகவே இதனைச் சற்று நின்று சிந்திப்பது நமக்கு நன்று.

தாய்முயல் கொடியதா?

முதலில் அந்தத் தாயின்மேல் சுமத்தப்படும் பழியை ஆராய்வோம். நம் வீடுகளில் வளரும் முயல்கள் ஐரோப்பியக் காட்டுமுயலின் வழிவந்தவை. ஸ்பெயின், போர்த்துக்கல், தென் பிரான்ஸ் ஆகிய பகுதிகளே அதன் தாயகம். நமது பற்றைகளில் ஓடித்திரியும் முயல் வேறு இனம். அதன் குட்டி மயிர் போர்த்து, கண் திறந்தபடியே பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ ஏறத்தாழ 31 நாட்கள் கருவிலிருந்து, உடலில் மயிரின்றியும் கண்ணும் காதும் மூடியபடியும் வெளிவருகிறது. கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் செல்லும். தாய்முயல் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி அதற்கு மெத்தை அமைக்கிறது. இதனைக் கண்ட எவரும் அதனை அன்பற்ற தாய் என்று சொல்லத் துணியார்.

ஆனால் அது நாள் முழுவதும் குட்டிகளோடு கிடப்பதில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை, அதுவும் இரவிலோ விடியற்காலையிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மாத்திரம் பால் கொடுத்துவிட்டு அகன்றுவிடும். காட்டிலே அதன் முன்னோர் குட்டிகளை நிலத்தின்கீழ் வளையில் வைத்து, வாயிலை மண்ணால் மூடிவிட்டுச் சென்றன. தாய் அடிக்கடி வந்துபோனால் நரி மோப்பம் பிடித்துவிடும் அன்றோ? தாய் விலகியிருப்பதே குட்டிகளுக்குப் பாதுகாவல். இதனை அறியாத நாம், "தாய் கிட்டவும் போகுதில்லை, கைவிட்டுவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் போட்டி நடைபெறுகிறது. தாய்க்குப் பெரும்பாலும் எட்டு முலைக்காம்புகள் உண்டு. கண் தெரியாத குட்டிகள் மணத்தைக்கொண்டே அவற்றைத் தேடுகின்றன. தாய்முயலின் பாலிலுள்ள ஒரு மணப்பொருளே அவற்றுக்கு வழிகாட்டுகிறது என்பதைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பலமுள்ள குட்டி முந்திக்கொள்கிறது. கருப்பையிலே இடநெருக்கடியாலும் இரத்த ஓட்டக் குறைவாலும் மெலிந்து பிறந்த குட்டி பிந்திவிடுகிறது. இன்று பால் தவறினால் நாளை இன்னும் பலம் குறையும். பலம் குறைந்தால் மறுநாளும் தவறும். பால் குடித்துக்கொண்டே வெளியில் இழுபட்டு வந்து விழுந்துவிட்டால், பூனையைப்போல் வாயில் கவ்வித் திரும்பக் கொண்டுபோய் வைக்கும் வழக்கமும் தாய்முயலுக்கு இல்லை.

எனவே தாய் அந்தக் குட்டியைத் தீர்ப்பிட்டுத் தள்ளவில்லை. ஒன்று குறைகிறது என்பது அதற்குத் தெரியாது. நமக்கோ தெரியும். நமது கடமை தொடங்கும் இடமும் அதுவே. அறியாத தாயின் செயலை அறிந்த மனிதன் தனக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

இயற்கையின்மேல் பழியைப் போடலாமா?

"பலவீனமானது அழிவது இயற்கையின் நியதி, அதில் நாம் தலையிடலாமா?" என்று கேட்போர் உளர். காட்டிலே வாழும் முயலைப்பற்றி இவ்வாறு கேட்டால் அதில் நியாயம் உண்டு. வளைக்குள் நடப்பதையெல்லாம் நாம் தேடிச்சென்று திருத்தும்படி எவரும் நம்மைப் பணிக்கவில்லை. ஆனால் நம் வளவின் மூலையில் பலகையும் கம்பிவலையும் கொண்டு அடித்த கூட்டைக் காடு என்று சொல்லலாமா? அந்தச் சோடியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம். அவற்றை ஒன்றாக விட்டவர்கள் நாம். குட்டி ஈன்று ஒரு நாளாவதற்குள் தாய்முயல் மறுபடியும் கருத்தரிக்கக்கூடியது என்பதை அறிந்தும் ஆண் முயலைப் பிரித்து வைக்காமல் விடுபவர்களும் நம்மிற் பலரே. நம் விருப்பத்தால் உலகுக்கு வந்த குட்டியைப்பற்றிப் பேசும்போது மாத்திரம் இயற்கையை அழைத்து அதன் தலையில் பொறுப்பைச் சுமத்துவது நேர்மையாகாது.

படைப்பின்மேல் மனிதனுக்கு ஆளுகை அளிக்கப்பட்டதென்று ஆதியாகமம் கூறுகிறது. உண்மையே. ஆயினும் அடுத்த அதிகாரத்திலேயே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அங்கே வைக்கப்பட்டதாக வாசிக்கிறோம். காக்காத ஆளுகை ஆளுகையன்று. கூட்டின் கதவைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்றவன், உள்ளே இருப்பதன் பசிக்கும் குளிருக்கும் பதில் சொல்லவேண்டியவனாகிறான்.

அதே நூலின் 33ஆம் அதிகாரத்தில் அழகிய நிகழ்ச்சியொன்று உண்டு. பல்லாண்டுப் பகைக்குப்பின் ஏசாவும் யாக்கோபும் சந்திக்கின்றனர். ஒன்றாகப் பயணம் செய்வோம் என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபு பணிவோடு மறுக்கிறான். தன் பிள்ளைகள் சிறியவர்கள் என்றும், மந்தையிலே பால் குடிக்கும் குட்டிகள் இருக்கின்றன என்றும், ஒருநாள் விரைந்து ஓட்டினாலும் மந்தை இறந்துவிடும் என்றும் சொல்லி, அவற்றின் நடைக்கேற்பத் தான் மெல்ல வருவதாகக் கூறுகிறான். நானூறு ஆட்களோடு வந்த வீரனுக்குச் சமமாக நடப்பதிலும் மந்தையின் சிறிய குட்டியின் நடைக்கு இறங்கி நடப்பதையே அந்த மேய்ப்பன் தெரிந்துகொண்டான். மேய்ப்பர்களைக் கண்டித்து எசேக்கியேல் தீர்க்கதரிசி உரைத்ததும் இதுபற்றியே. பலவீனமானதைத் திடப்படுத்தாமலும், நோயுற்றதைக் குணப்படுத்தாமலும், முறிந்ததற்குக் கட்டுப்போடாமலும் விட்டதே அவர்கள் குற்றம்.

ஐந்தாவது குருவி

நம் ஆண்டவரின் போதனைக்கு வருவோம். புனித மத்தேயு எழுதிய நற்செய்தியில், ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் விற்கப்படுவதாக இயேசு குறிப்பிடுகிறார். புனித லூக்காவின் நற்செய்தியிலோ இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் என்று காண்கிறோம். கணக்குப் பார்ப்போம். ஒரு காசுக்கு இரண்டென்றால் இரண்டு காசுக்கு நான்கு. அப்படியானால் ஐந்தாவது குருவி எங்கிருந்து வந்தது? அது கடைக்காரன் சும்மா கொடுத்தது. சந்தையில் மரக்கறி வாங்குவோருக்குக் கறிவேப்பிலை சும்மா கிடைப்பதுபோல, நான்கு வாங்கினால் மேலதிகமாக ஒன்று. அதற்கு விலையே இல்லை.

அந்தக் குருவிகளுள் ஒன்றேனும் கடவுள் முன்னிலையில் மறக்கப்படுவதில்லை என்கிறார் ஆண்டவர். விலைபெற்ற நான்கை மாத்திரம் அவர் குறிப்பிடவில்லை. சந்தை விலை போடாத ஐந்தாவதும் பரம தந்தையின் நினைவில் இருக்கிறது. சவலைக் குட்டியும் இத்தகையதே. விற்கப்போனால் வாங்க ஆளில்லை. இறைச்சிக்கு வளர்ப்போருக்கும் அதனால் இலாபமில்லை. எண்ணிக்கையில் சேர்க்கவும் தயங்குவோம். அதனைக் கையில் எடுக்கும் பிள்ளை, தான் அறியாமலே ஆண்டவரின் கணக்கைப் பின்பற்றுகிறது.

ஆனால் அந்த வசனம் அங்கே நின்றுவிடவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பல குருவிகளிலும் நீங்கள் மேலானவர்கள் என்று ஆண்டவர் தம் சீடருக்குச் சொல்கிறார். குருவிக்கு இடமுண்டு; மனிதனுக்கு அதனிலும் மேலான இடமுண்டு. இரண்டையும் சேர்த்தே நாம் ஏற்கவேண்டும்.

மனிதர் இருக்க மிருகமா?

இங்கே நியாயமான மறுப்பொன்று எழுகிறது. "பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க இயலாத வீடுகள் இருக்கும்போது முயற்குட்டிக்குப் பால் பருக்கவேண்டுமா?" என்பதே அது. இதனை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனைக் கருத்திற்கொண்டே பேசுகிறது. மிருகங்களுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும், அவற்றைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு மாறானது என்றும் அது போதிக்கிறது. அதனோடு, மனிதரின் துயர்தீர்க்க முதலிற் செலவிடவேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கிறது. எனவே வீட்டு நிலைமைக்கு மீறிய செலவைத் திருச்சபை நம்மிடம் கேட்கவில்லை.

ஆயினும் சவலைக் குட்டிக்கு வேண்டியவை எவை? ஒரு கந்தைச் சீலை, ஒரு போத்தல் வெந்நீர், ஒருசில மில்லிலீற்றர் பால், நாளுக்கு அரைமணி நேரப் பொறுமை. இவற்றால் எந்த ஏழையின் பங்கும் குறைந்துவிடாது. மிருகங்களிடம் இரங்கப் பழகிய உள்ளம் மனிதரிடத்தில் இரங்க மேலும் ஆயத்தமாகும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் மிருகங்கள்மேல் கொடுமையைத் தடுத்ததன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று என்பது அவர் விளக்கம்.

இதற்கு வாழ்ந்து காட்டிய சாட்சியும் நமக்கு உண்டு. பேரு நாட்டின் லீமா நகரில் 1579இல் பிறந்து 1639இல் இறந்த புனித மார்ட்டின் தே போரஸ் தொமினிக்கன் மடத்தின் சகோதரர். நோயாளரைப் பராமரிப்பதே அவர் வேலை. மடத்து வாயிலில் ஏழைகளுக்கு உணவளித்தவரும் அவரே. தெருவில் அடிபட்ட நாய்களையும் பூனைகளையும் எடுத்துவந்து மருந்து கட்டியவரும் அவரே. மிருகத்துக்குக் கொடுத்த இரக்கத்தால் மனிதருக்குக் கொடுக்க அவரிடம் குறைந்துபோனதென்று எவரும் சொன்னதில்லை. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1962ஆம் ஆண்டில் அவரைப் புனித நிலைக்கு உயர்த்தினார். இரக்கம் பானையிலுள்ள அரிசியைப்போல் அள்ள அள்ளக் குறைவதன்று. பழகப் பழக வளரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அன்புக்கு அறிவும் வேண்டும்

நல்ல மனம் இருந்தால் மாத்திரம் போதுமா? போதாது. சவலைக் குட்டிகளிற் பல பசியால் அல்ல, நம் அவசர அன்பினாலேயே இறக்கின்றன. குளிர்ந்துபோன குட்டியின் வாயில் உடனே பாலை ஊற்றுகிறோம். அதன் உடலால் அப்போது பாலைச் செரிக்க இயலாது. முதலில் சூடு, பின்னரே பால் என்பது விதி. வெந்நீர்ப் போத்தலைச் சீலையிற் சுற்றி அருகில் வைத்து, குட்டியின் உடல் இளஞ்சூடாகும்வரை காத்திருக்கவேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கக் கிடத்திப் பால் பருக்கினால் பால் மூச்சுக்குழாய்க்குள் சென்று நெஞ்சில் சளி கட்டி இறந்துவிடும். குட்டியை நிமிர்த்திப் பிடித்து, ஊசி கழற்றிய சிறிய சிறிஞ்சினால் ஒவ்வொரு துளியாக, அது விழுங்க விழுங்கத்தான் கொடுக்கவேண்டும். பால் கொடுத்தபின் ஈரப் பஞ்சினால் அடிவயிற்றை மெல்லத் தடவிவிட்டால் சிறுநீர் கழிக்கும்.

எதனைக் கொடுப்பது? தாய்ப்பாலே முதற்றரம். முயற்பாலில் கொழுப்பு நூற்றுக்குப் 12 வீதத்துக்கு மேல் உண்டு. பசுப்பாலில் ஏறத்தாழ 4 வீதமே. ஆதலால் பசுப்பாலைக் கொடுத்து வயிறு நிறைந்தாலும் குட்டிக்குப் போஷாக்குப் போதாது. இதனிலும் நல்ல வழி, தாயை அமைதியாகப் பிடித்துக்கொண்டு, பெரிய குட்டிகளை ஒருபுறம் எடுத்துவைத்துவிட்டு, சவலையை முதலில் பால் குடிக்க விடுவதாகும். நாம் தொட்ட மணத்தால் தாய் குட்டியை வெறுத்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. நம்மோடு பழகிய முயல் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அதே நாட்களில் ஈன்ற வேறொரு தாய்முயல் இருந்தால் அதனிடத்தில் சேர்த்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். இவை இயலாதபோதே ஆட்டுப்பாலையோ பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவையோ நாடலாம். பால் குடித்தபின் சவலையை உடன்பிறப்புகளின் நடுவிலேயே கிடத்தவேண்டும். அவற்றின் உடற்சூட்டுக்கு ஈடான போர்வை நம்மிடம் இல்லை.

இவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறர் நலத்தை நாடுவதே அன்பென்றால், அந்த நலம் எதுவென்று அறிவதும் அன்பின் பகுதியே. பிள்ளையின் ஆசைக்காக மணிக்கொரு தடவை எடுத்துக் கொஞ்சுவது குட்டிக்குச் செய்யும் நன்மையன்று. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு இதனை நன்கு அறிந்திருந்தார். அவருடைய வரலாற்றை முதன்முதலில் எழுதிய செலானோ தோமஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கிரேச்சியோ என்னும் ஊரில் கண்ணியில் அகப்பட்ட சிறு முயலொன்றைச் சகோதரர் ஒருவர் அவரிடம் கொண்டுவந்தார். அவர் அதனைத் தாயன்போடு மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். பின் போகும்படி இறக்கிவிட்டார். அது போகவில்லை, இறக்கிவிட்ட ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து மடியில் ஏறிற்று. இறுதியில் அதனை அருகிலுள்ள காட்டுக்குள் கொண்டுபோய்விடுமாறு சகோதரரிடம் கூறினார். தம்மைவிட்டுப் போகாத ஓர் உயிரை வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது? அவரோ தமது ஆசையைவிட அதன் நலத்தைப் பெரிதென எண்ணினார்.

விட்டுவிடவேண்டிய வேளையும் உண்டு. எல்லாம் செய்தும் குட்டி நாளுக்கு நாள் வேதனைப்பட்டுக்கொண்டே போனால் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். இனி வழியில்லை என்று அவர் கூறி, வேதனையின்றி அதன் உயிரை முடித்துவைப்பாராயின் அதிற் பாவமில்லை. ஆனால் இதே முறையை மனிதருக்குப் பொருத்த எவருக்கும் அனுமதியில்லை. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, கருணைக்கொலையை எக்காரணத்தாலும் ஏற்க முடியாதென்று தெளிவுபடுத்தியது. மரணம் நெருங்கியவேளையில் பயனற்ற கடும் சிகிச்சைகளை விடலாம். ஆனால் நோயாளிக்குரிய சாதாரண பராமரிப்பை நிறுத்தலாகாது என்பதும் அதன் போதனை. மனிதன் கடவுளின் சாயல். அவன் வாழ்நாளை முடித்துவைக்கும் உரிமை நம்மிடம் தரப்படவில்லை.

பயன் பார்க்கும் கணக்கு

அந்த எல்லைக்கோடு அழிந்தால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1939ஆம் ஆண்டில் ஜேர்மனியில் நாற்சி ஆட்சி, மனநோயாளரையும் உடற்குறைபாடுள்ளோரையும் பயனற்ற உயிர்கள் என்று கணக்கிட்டுக் கொல்லும் திட்டத்தைத் தொடங்கியது. 1941ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குள் எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். அம்மாதம் 3ஆம் திகதி மூன்ஸ்ரர் மறைமாவட்ட ஆயர் கிளெமென்ஸ் வொன் காலன் பிரசங்க மேடையில் ஏறி இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். ஓடாத பழைய இயந்திரத்தையும், நொண்டிப்போன குதிரையையும், பால் வற்றிய பசுவையும் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அவற்றைப்பற்றித் தாம் பேசவில்லை என்றும், மனிதரைப்பற்றி, நம் சகோதர சகோதரிகளைப்பற்றியே பேசுவதாகவும் முழங்கினார். அந்தப் பிரசங்கம் இரகசியமாகப் பிரதிசெய்யப்பட்டு நாடெங்கும் பரவியது. அம்மாத இறுதிக்குள் அத்திட்டம் நிறுத்தப்பட்டது; கொலைகளோ மறைவிலே தொடர்ந்தன. ஆயர் வொன் காலன் 2005ஆம் ஆண்டில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

முயற்குட்டியை விட்டுவிடுபவர் எல்லோரும் கொடியவராவர் என்பது இதன் பொருளன்று. ஆனால் "இதனால் என்ன பயன்?" என்பதையே ஒரே அளவுகோலாகப் பிள்ளையின் கையில் நாம் கொடுத்தால், அது அதனைக் கூட்டோடு நிறுத்திக்கொள்ளும் என்பதற்கு யார் உறுதி? வகுப்பின் கடைசி வாங்கிலிருக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாத மாணவனையும் அந்த அளவுகோலால் அளக்கும். வாய்பேசாத உறவினரையும் அளக்கும். நம் முதுமையில் நம்மையும் அளக்கும்.

வேறொரு அளவுகோலையும் நம் மக்கள் அறிவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தார்கள். நடக்க இயலாத முதியோரைச் சைக்கிள்களில் இருத்தி உருட்டிச் சென்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இன்னும் எத்தனை நாள் இவர் இருப்பார், இவருக்காக நாம் ஏன் பிந்தவேண்டும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. கொண்டுவர இயலாமற்போனோரை நினைத்து இன்றும் கண் கலங்குவோர் நம்மிடையே உளர். அந்தக் கண்ணீரும் ஒரு சாட்சியே. உயிரின் பெறுமதி அதன் பலத்தைப் பொறுத்ததல்ல என்பதை அறிந்த உள்ளத்திலிருந்துதான் அது வருகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"அம்மா, இது செத்துப்போகுமெண்டால் நாங்கள் ஏன் பால் பருக்கிறம்?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். என்ன பதில் சொல்வீர்கள்? பிழைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். அது நம் கையில் இல்லை. "இன்றைக்கு அதுக்குப் பசிக்குது, இன்றைக்கு நாங்கள் இருக்கிறம்" என்று சொன்னாற் போதும். அதற்கு மேற்பட்ட தத்துவம் பிள்ளைக்கு வேண்டியதில்லை, நமக்கும் வேண்டியதில்லை. நல்ல சமாரியனும், இந்த மனிதன் பிழைப்பானா என்று கணக்குப் பார்த்துவிட்டு எண்ணெய் வார்க்கவில்லை. காயத்தைக் கண்டான், கட்டினான். அந்த மனிதன் பிழைத்தானா என்பதை ஆண்டவர் உவமையில் சொல்லவே இல்லை. பராமரிப்பின் பெறுமதி முடிவிலே தங்கியிருந்தால் அதனைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

பராமரிக்கும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். விடியற்காலையில் எழுந்து வயிற்றைப் பார்ப்பதும், ஈரச் சீலையை மாற்றுவதும், கைகழுவிவிட்டுத் தொடுவதும் அதன் கடமையாகட்டும். இரக்கம் ஒருநாட் பொங்கும் உணர்ச்சியாக இராமல் ஒழுங்காகச் செய்யும் வேலையாக மாறும்போதே அது புண்ணியமாகிறது. விளையாட அழைக்கும் நண்பரைவிட்டு, அலுப்பையும் பொறுத்து, பத்துநாள் ஓர் உயிருக்குப் பணிசெய்த பிள்ளை, ஞானோபதேச வகுப்பில் பல மாதங்களிற் கற்கவேண்டியதைக் கையாற் கற்றுவிடுகிறது.

குட்டி இறந்துவிட்டால் பிள்ளை காணுமுன் வேலிக்கப்பால் எறிந்துவிட்டு, "ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். பொய் தரும் ஆறுதல் நிலைப்பதில்லை. வளவின் ஓரத்தில் குழிதோண்டிப் புதைக்க இடங்கொடுங்கள். அழுதால் அழட்டும். சாவின் முன் அழத் தெரிந்த பிள்ளை, நாளை செத்தவீட்டில் பிறரோடு அழவும் தெரிந்திருக்கும். மனிதனின் ஆன்மாவே அழியாதது என்பது நம் விசுவாசம். ஆயினும் படைப்பு முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையை நோக்கிக் காத்திருப்பதாகப் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. கடவுள் படைத்த இந்தச் சிறு உயிரையும் அவர் மறப்பதில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அது பொய்யன்று, ஐந்தாவது குருவியைப்பற்றி ஆண்டவரே சொன்னது.

குட்டி பிழைத்துவிட்டால் நன்றி சொல்லுங்கள். மற்றவற்றிலும் சிறியதாகவே அது இருந்துவிடக்கூடும். அதனாற் குறையில்லை. அது நம் திறமைக்குக் கிடைத்த பரிசன்று. தன் வாழ்வைத் தானே வாழவேண்டிய உயிர். கூட்டை விசாலமாக்குங்கள், ஆண் முயலை வேறாக்குங்கள், தாயின் உடல் தேறும்வரை அடுத்த ஈற்றுக்கு அவசரப்படாதீர்கள். இன்னொரு சவலை பிறக்காமல் இயன்றவரை தடுப்பதும் இரக்கமே.

அன்புள்ள வாசகரே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பங்கிலும் பின்தங்கிப்போன ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவர் பிழைப்பாரா, தேறுவாரா, நமக்கு உதவுவாரா என்ற கேள்விகளை ஆண்டவரிடம் விட்டுவிடுவோம். அவருக்கு இன்று என்ன தேவை, அதனை அவருக்குத் தீங்கின்றி நான் எவ்வாறு கொடுக்கலாம் என்ற இரு கேள்விகளை மாத்திரம் நம்மிடம் வைத்துக்கொள்வோம். சிறியவற்றில் பிரமாணிக்கமாய் இருக்க நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இறைவன் அருள்புரிவாராக.